நீர்கொண்டார்

ஆவாரங்கோட்டைக்குக் குடிவந்த வாரத்திலேயே, ஒருநாள் காலையில் சண்முகவடிவு கொல்லைக்கதவைத் திறந்தபோது, முந்தின சாயங்காலம் வரை வெறும் கட்டாந்தரையாய்க் கிடந்த இடத்தில், அவளுடைய அப்பா வீட்டுக் கிணறு வந்து உட்கார்ந்திருந்தது. கயிறு உரசி உரசிப் பள்ளம் விழுந்த அதே கல்விளிம்பு, உள்சுவரில் முளைத்துக்கிடந்த அதே அரசங்கன்று, அடியில் ஆகாயத்தைத் துண்டுபோட்டு வைத்தது போன்ற அதே தண்ணீர். மேய்ச்சலில் பிந்திப்போன பசு வீடு வந்து சேர்ந்தால் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் அவள் பார்த்தாள்.

"வந்துட்டியா?" என்று கேட்டாள்.

பல்பொடி விரலோடு பின்னால் வந்து நின்றார் புருஷன் தளவாய். ஜின்னிங் மில்லில் ஃபிட்டராக வேலை கிடைத்து, அதற்காகத்தான் இந்த வாடகை வீட்டைப் பிடித்திருந்தார்.

"வீடு பாக்க வந்தப்ப இது இல்லையே."

"இப்பத்தான் வந்திருக்கு. எங்கப்பா வீட்டுக் கெணறுங்க."

தளவாய் கிணற்றை ஒருமுறை சுற்றி வந்தார். "கல்யாணத்துக்குச் சீராக் குடுத்திருந்தா பஸ்ஸுல ஏத்த முடியாமக் கஷ்டப்பட்டிருப்போம். தானா வந்தது நல்லதாப் போச்சு" என்று சொல்லி, ஒரு வாளி இறைத்து வாய் கொப்பளித்துவிட்டு மில்லுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் வெங்கிடசாமி நாயக்கர் சேதி கேட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடிவந்தார். அவருக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். சூரியனைப் பார்த்து நின்று, கையை நீட்டி, மூலையை அளந்து பார்த்தார். "ஈசானிய மூலையிலதாம்மா வந்திருக்கு. விவரமான கெணறு" என்று நிம்மதியாகச் சொல்லிவிட்டு, தன் வீட்டுக்கு ரெண்டு குடம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அடுத்தாற்போல நகராட்சி ஆள் வந்தான். அனுமதி வாங்காமல் கிணறு வெட்டியதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டான். வெட்டவில்லை, வந்தது என்றாள் வடிவு. வந்ததற்குச் சட்டத்தில் ஒன்றும் சொல்லவில்லை என்பதால் அவன் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு, குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்து, அந்த ருசியில் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து திரும்பினான்.

ஆவாரங்கோட்டையில் குழாய் இருந்தது. குழாயில் காற்றுதான் வரும். தண்ணீர் எப்போது வரும் என்பது யாருக்கும் தெரியாததால், தெருக்குழாய் முன்னால் குடங்கள் வரிசையாய் நாள்கணக்கில் நின்று, நின்ற இடத்திலேயே அதனதன் நிழலோடு ஊருக்குள் ஒரு சின்ன ஊரைப்போல இருக்கும். அந்தக் குடங்களெல்லாம் இப்போது இடம்பெயர்ந்து வடிவு வீட்டுக் கொல்லைக்கு வந்தன. பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புமுன் வருவாள், தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பிள்ளைகள் விடியும்போதே வருவார்கள், கல்யாண வீட்டுக்காரர்கள் அண்டாவோடு வருவார்கள். வெயிலும் மழையும் போல அந்தக் கிணறும் ஊருக்குப் பழகிப்போயிற்று. பழகிய பிறகு ஊர் அந்தக் குடும்பத்துக்குப் பேர் வைத்தது. நீர் கொண்டுவந்தவர்கள் என்று சொல்லிச் சொல்லி, சொல்லுகிற வாய்களின் அவசரத்தில் தேய்ந்து, நீர்கொண்டார் என்று நின்றது.

வடிவு தனக்குள் சிரித்துக்கொண்டாள். அவளுடைய அப்பா பேரே ஐயம்பெருமாள் நீர்கொண்டார்தான். அவருடைய அப்பாவும் நீர்கொண்டார், அவருக்கு அப்பாவும் நீர்கொண்டார். ஆண்பிள்ளை இல்லாமல் அப்பா செத்தபோது, பாடையைத் தூக்குமுன்பே, "நீர்கொண்டார் பேரு இதோட முடிஞ்சுது" என்று வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். மகள் வேறு வீட்டுக்குப் போனவள், அவளுக்கு எப்படி அந்தப் பேர் என்பது அவர்கள் கணக்கு. கிணறு அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது.

அப்பா சொன்ன பூர்வீகம் வடிவுக்கு மனப்பாடம். சேதுக்கரைப் பக்கம் எங்கோ ஓர் ஊரில், பஞ்சம் வந்து பனங்கிழங்கும் அற்றுப்போன வருஷத்தில், மூட்டைமுடிச்சோடு கிளம்பிய முப்பாட்டனுக்குப் பின்னால் முதல்முறையாகக் கிணறு கிளம்பியதாம். அவர் எங்கே குடிசை போட்டாரோ அங்கே சில நாள் கழித்து அதுவும் வந்து உட்கார்ந்ததாம். அடுத்த தலைமுறையில் கங்காணி பேச்சைக் கேட்டு ஒருவர் சிலோனுக்குக் காப்பித்தோட்டத்துக்குக் கப்பல் ஏறினார்; கிணறு கடலடியில் நடந்து அங்கேயும் போய்ச் சேர்ந்தது. கடலுக்குள் வந்ததால் ஒரு வருஷம் முழுக்க அந்தத் தண்ணீரில் உப்புக் கரித்ததாம், தோட்டத்து லயவீடுகளில் இருந்த ஜனங்கள் அதைக் கொண்டே சோற்றுக்கு உப்பில்லாமல் சமாளித்தார்களாம். திரும்பி வந்தபோது அது மலைப்பனியைச் சுமந்துகொண்டு வந்தது. அப்பாவின் ஊரான பனைவிளாகத்தில் கத்திரிவெயில் கொளுத்துகிற மத்தியானத்திலும் அந்தத் தண்ணீர் பல்லைக் கூசவைப்பது அதனால்தான். நடுவில் ஒரு தலைமுறையில் அண்ணன் தம்பி இரண்டுபேர் சண்டைபோட்டுப் பிரிந்து, ஒருவர் மேற்கேயும் ஒருவர் கிழக்கேயும் போனபோது, கிணறு இரண்டுக்கும் நடுவே பொட்டலில் நின்று வெகுநாள் யோசித்ததாம். கடைசியில் எந்தப் பக்கம் நீர்கொண்டார்கள் அதிகமோ அந்தப் பக்கம், பிள்ளைக்குட்டி நிறைந்த தம்பி பின்னாலேயே போயிற்றாம். இவ்வளவும் சொல்லிவிட்டு அப்பா ஒவ்வொரு தடவையும் பனைவிளாகத்துக்கு வந்துசேர்ந்த இடத்தில் கதையை முடிப்பார். அவர் கதையில் எல்லாரும் எப்போதும் வந்துசேர்ந்துகொண்டேதான் இருப்பார்கள்.

அப்படி இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை, முதல் பஸ்ஸில் பனைவிளாகத்துப் பெண்கள் வந்து இறங்கினார்கள்.

ஆளுக்கொரு வெறுங்குடம். முன்னால் வந்தவள் மாடத்தி. வடிவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள். வாசலில் நின்று வா என்று கூப்பிட்ட வடிவுக்குப் பதில் சொல்லாமல், எல்லாரும் நேரே கொல்லைக்குப் போனார்கள். இறைத்தார்கள். குடித்தார்கள். தலையில் ஊற்றிக்கொண்டார்கள். ஒரு பெண் கிணற்றின் கல்லில் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள். பிறகுதான் மாடத்தி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"எப்பட்டி திருப்பித் தருவ?"

"நான் எடுத்துட்டு வரலையே மாடத்தி. அதுவா வந்துச்சு."

"அதுவா வந்துச்சு. சரி. அது இருந்த எடத்துல இப்ப என்ன இருக்கு தெரியுமா? ஒண்ணும் இல்ல. குழிகூட இல்ல. குழி கெடந்தாலாவது எட்டிப் பாத்து அழலாம்."

வடிவு நிரப்பிக் கொடுக்கக் கை நீட்டினாள், மாடத்தி குடத்தைக் கொடுக்கவில்லை.

"ஓடையில ஊத்துத் தோண்டி, தேங்காச் சிரட்டையில மோந்து, ஒரு குடம் நெறைய உச்சிப்பொழுது ஆயிருது. எங்க ஊர்ல இப்ப உங்க பேரை எப்படிச் சொல்லுதாங்க, கேளு. நீர்கொண்டு போனார். பிள்ளைய ஏசணும்னாகூட, நீர்கொண்டார் மாதிரி போயிருவியோன்னு ஏசுதாளுக."

கியூவில் நின்ற ஆவாரங்கோட்டைப் பெண்கள் குடத்தை இடுப்பில் இறுக்கிக்கொண்டார்கள். எஸ்தர் டீச்சர் மெல்லச் சொன்னாள்: "யம்மா, நீங்க சொல்றது நியாயம்தான். ஆனா எங்களுக்கும் இந்த ஒண்ணுதான் இருக்கு."

"ஒங்களுக்குக் குழாய் இருக்குல்லா?"

"குழாய் இருக்கு" என்றாள் டீச்சர். அதற்குமேல் அவளால் பொய் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு அவர்கள் போன பிறகு வடிவு கிணற்றடியிலேயே உட்கார்ந்திருந்தாள். அப்பா சொன்ன ஊர்கள் எல்லாம் அவளுக்கு முதல்முறையாகப் பின்பக்கத்திலிருந்து தெரிந்தன. சேதுக்கரையில் தரை மூடிப்போன ஓர் இடத்தைச் சுற்றி வெறுங்குடத்தோடு நிற்கிற பெண்கள், சிலோன் லயத்தில் மழைமூட்டத்துக்குள் நேற்று வரை கிணறு இருந்த புல்லைக் காலால் தடவித் தடவிப் பார்க்கிற பெண்கள், மேற்கே போன அண்ணன் வீட்டில் என்றைக்காவது வரும் என்று கயிற்றையும் வாளியையும் தயாராய் வைத்துக்கொண்டு கிழவியாகிப்போன ஒருத்தி. கொண்டுவந்தார், கொண்டுபோனார் என்று எப்படிச் சொன்னாலும் கடைசியில் தேய்ந்து நீர்கொண்டார் என்றுதான் நிற்கிறது. அந்த ஒரே பேரை ஓர் ஊர் கும்பிட்டும் ஓர் ஊர் காறித்துப்பியும் சொல்லிக்கொண்டிருப்பது தெரியாமல் அவளுடைய அப்பன்பாட்டன் எல்லாரும் நிம்மதியாகச் செத்துப்போயிருந்தார்கள்.

முதலில் அவள் செய்தது எல்லாருக்கும் தோன்றுகிற காரியம்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு பனைவிளாகத்துக்குப் போய் அப்பா வீட்டைத் திறந்து தங்கினாள். சில நாளில் கிணறும் வந்தது. வழியில் எட்டையான் விலக்குப் பக்கம் பஸ் டிரைவர் ஒருத்தர் அதைப் பார்த்திருக்கிறார். மத்தியான வெயிலில் ரோட்டைக் குறுக்கே கடந்துகொண்டிருந்ததாம், வண்டியை ஓரங்கட்டி வழிவிட்டாராம். "ஏன் நிறுத்திட்டீங்க?" என்று கேட்டவர்களிடம் கண்டக்டர், "கெணறு போகுது, கொஞ்சம் பொறுங்க" என்றாராம். பனைவிளாகத்தில் குலவை போட்டார்கள். குலவைச் சத்தம் அடங்குமுன் ஆவாரங்கோட்டைக் குடங்கள் பஸ் ஏறி வந்துவிட்டன. கூடவே தளவாயும் வந்தார். "ஓட்டல் சோறு ஒத்துக்கலை வடிவு" என்றார். அதைவிட வேறென்னவோ சொல்ல வந்தவர்போல நின்றார்.

வடிவு ஆவாரங்கோட்டைக்குத் திரும்பினாள், பின்னாலேயே கிணறு. மனசு கேட்காமல் மறுபடி பனைவிளாகம், பின்னாலேயே கிணறு. போய்வந்து போய்வந்து அது இளைத்துப்போயிற்று. விளிம்புக்கல் ஒன்று வழியில் எங்கோ விழுந்துவிட்டது. அரசங்கன்று வாடி இலை உதிர்த்தது. தண்ணீர் கலங்கிச் சேறாகி, வாளி அடியில் மண் தட்டியது. ஒருநாள் காலையில் உள்ளே எட்டிப் பார்த்தபோது அது மூச்சிரைப்பது போல நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்து வடிவு அழுதுவிட்டாள்.

அப்போதுதான் சண்டைபோட்டுப் பிரிந்த அந்த அண்ணன் தம்பி கதை அவளுக்கு வேறு மாதிரிப் புரிந்தது. எந்தப் பக்கம் நீர்கொண்டார்கள் அதிகமோ அந்தப் பக்கம். அப்படியானால் ஆளை ஏன் அலையவைக்க வேண்டும், பேரைக் கொடுத்தால் போதாதா?

ஞாயிற்றுக்கிழமை ஆவாரங்கோட்டைத் தெருவையே கொல்லைக்குக் கூப்பிட்டாள். "எங்க பேரை நீங்க எல்லாரும் வச்சுக்கோங்க. கெணறு இங்கயே நின்னுரும். மாடத்திகிட்ட நான் ஏச்சு வாங்கிக்கிடுதேன்" என்றாள். குடியிருக்கும் ஊருக்குத்தான் முதலில் கேட்கவேண்டும் என்று அவளுக்கு ஒரு நியாயம்.

நாயக்கர் தொண்டையைச் செருமினார்.

"எனக்கு ஏற்கெனவே ரெண்டு பேரு இருக்கும்மா. தெலுங்குல வீட்டுப்பேரு ஒண்ணு, ஊருக்குத் தெரிஞ்ச பேரு ஒண்ணு. மூணாவதை எங்க வைக்க?"

"எங்களுக்கு வேதக்கோயில்ல ஞானஸ்நானத்தப்ப எழுதின பேரு இருக்கே அக்கா" என்றாள் எஸ்தர் டீச்சர், தரையைப் பார்த்துக்கொண்டு.

கமிஷன் கடைக்காரர் வெளிப்படையாகவே சொன்னார்: "நாளைக்குப் பொண்ணு எடுக்கப் போற எடத்துல என்ன ஆளுன்னு கேப்பான். நீர்கொண்டாருன்னா, அது என்ன ஆளும்பான். தண்ணிய என்னைக்காவது நகராட்சி விட்டுரும். பேரு போச்சுன்னா அதை யாரு விடுவா?"

சிரிப்பு எழுந்தது. சிரித்தபடியே ஒவ்வொருவராய்க் குடத்தை நிரப்பிக்கொண்டு போனார்கள். வடிவு பெட்டியை எடுத்தாள்.

பனைவிளாகத்திலும் எளிதில் நடக்கவில்லை. கிணற்றின் நாலு பக்கமும் நாலு தெருவுக்கு என்று அங்கே என்றைக்கோ ஏற்பாடு. ஒரு பக்கத்து வாளி இன்னொரு பக்கத்துக் கல்லில் படக்கூடாது. மேலத்தெருக் குலசேகரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"கீழத்தெருவும் காலனியும் நாங்களும் ஒரே பேரா? கேக்கவே நல்லா இருக்கா?"

"தண்ணி ஒண்ணுதான அண்ணாச்சி?" என்றாள் மாடத்தி. "ஒங்க வயித்துக்குள்ள போனதும் அது வேற தண்ணியா மாறிருச்சா?"

"ஏய், பேரை ஒருத்தர் எப்படி இன்னொருத்தருக்குக் குடுக்க முடியும்? வம்சத்துல வரணும்."

வடிவு சொன்னாள்: "வம்சம் முடிஞ்சுதுன்னு எங்கப்பாவைத் தூக்கும்போது நீங்கதான சொன்னீக மாமா. முடிஞ்ச பேருக்கு யாருகிட்ட உத்தரவு கேக்கணும்?"

குலசேகரம் மறுபடி துண்டை உதறும்போது அவருடைய வீட்டுக்காரி பின்னாலிருந்து எழுந்து முன்னால் வந்து நின்றாள். ஓடையில் சிரட்டையால் மோந்து மோந்து அவள் கைநகமெல்லாம் தேய்ந்திருந்தது. "எனக்கு மொதல்ல வையி தாயி" என்றாள்.

கிணறு அப்போது ஆவாரங்கோட்டையில் நின்றுகொண்டிருந்தது. பனைவிளாகத்தில் அது இருந்த வெற்றிடத்தைச் சுற்றி ஊர் கூடியது. வடிவு நடுவில் நின்று ஒவ்வொருவரையும் பேர் சொல்லி, பின்னால் தன் பேரைச் சேர்த்துக் கூப்பிட்டாள். முதலில் குலசேகரம் வீட்டுக்காரி. பிறகு "மாடத்தி நீர்கொண்டார்" என்றாள். கூப்பிட்டால் அந்த ஊரில் குரல் கொடுப்பது போல மாடத்தி "ஏன்" என்றாள். குரல் கொடுத்ததும் அந்தப் பேர் அவள்மேல் உட்கார்ந்துவிட்டது, பார்த்தாலே தெரிந்தது. தொட்டில் குழந்தைகளைக் கூப்பிட்டாள், அவை சிணுங்கின. கண் தெரியாத கிழவரைக் கூப்பிட்டாள், காலனியில் நேற்றுப் பிறந்து இன்னும் பேரே வைக்காத பிள்ளையை வெறுமனே நீர்கொண்டார் என்று கூப்பிட்டாள், லீவில் வந்திருந்த பட்டாளத்துக்காரனைக் கூப்பிட்டாள், அவன் பழக்கதோஷத்தில் சல்யூட் அடித்தான். பொழுது சாயச் சாயக் கூப்பிட்டாள். கடைசியில், யார் முகத்தையும் பார்க்காமல், குலசேகரமும் "ஏன்" என்றார்.

எல்லாரும் முடிந்து அவள் பேர் மட்டும் மிச்சம் இருந்தது. அது நாக்கு நுனி வரை வந்தது. கிணற்றுக்கு அவள்மேல் பிரியம் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். அவளிடம் அந்தப் பேர் ஒரு துளி ஒட்டியிருந்தாலும், ஊரே இந்தப் பக்கம் இருந்தும், ஒருநாள் அவள் பின்னாலேயே கிளம்பினாலும் கிளம்பிவிடும். வடிவு அந்தப் பேரை விழுங்காமலும் சொல்லாமலும் வாயைத் திறந்து காற்றில் விட்டுவிட்டாள். கல்யாணமான அன்றைக்கே போய்விட்டது என்று எல்லாரும் சொன்ன பேரை அவள் உண்மையில் அன்றைக்குத்தான் கொடுத்தாள்.

அவள் ஆவாரங்கோட்டைக்குத் திரும்பியபோது கொல்லை வெறும் கட்டாந்தரையாய் இருந்தது. வெற்றுத்தரையைப் பெருக்கித் தண்ணீர் தெளிக்கப் போனாள். தெளிக்கத் தண்ணீர் இல்லை.

தெரு அவளை மன்னிக்க வெகுகாலம் ஆயிற்று. நாயக்கர் வீட்டைக் காலிபண்ணச் சொல்லவில்லை, ஆனால் ஈசானிய மூலையைப் பார்க்கிறபோதெல்லாம் பெருமூச்சு விட்டார். கமிஷன் கடைக்காரர், "நாங்க விளையாட்டுக்குச் சொன்னதைப் பெருசா எடுத்துக்கிட்டு" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வடிவு குடத்தை எடுத்துக்கொண்டு தெருக்குழாயில் கடைசி ஆளாய்ப் போய் நின்றாள். யாரும் பேசவில்லை. மழைக்காலம் ஒன்று போய் அடுத்தது வரும் முன்னே, எஸ்தர் டீச்சர் ஒருநாள் தன் குடத்தை நகர்த்தி, "இங்க நில்லுங்கக்கா" என்று இடம் விட்டாள். தளவாய் மட்டும் முதல்நாளே, அரை டம்ளர் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டே, "விடிஞ்சும் விடியாம வாளிச் சத்தம் கேக்காம இப்பத்தான் நல்லாத் தூங்குறேன்" என்றார்.

அதற்கப்புறம் வருஷங்கள் போயின. மாடத்தி மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டாள். பட்டாளத்துக்காரன் குடும்பத்தோடு டில்லியில் இருந்தான். குலசேகரத்தின் பேரன்கள் துபாய்க்குப் போனார்கள். ஒவ்வொருத்தர் கிளம்பும்போதும் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றைப் பார்க்குமாம், கிணறு அசையாதாம். போகிறவர்களைவிட இருக்கிறவர்கள் எப்போதும் அதிகமாய் இருந்தார்கள்.

தலை முழுக்க நரைத்த பிறகு ஒரு மாசியில் வடிவு பனைவிளாகத்துக்குப் பஸ் ஏறினாள். காரணம் ஒன்றும் இல்லை, பார்க்கவேண்டும் போலிருந்தது. அப்பா வீட்டில் யாரோ குடியிருந்தார்கள். கிணறு நன்றாக இருந்தது. விழுந்துபோன விளிம்புக்கல்லுக்குப் பதில் புதுக்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். அரசங்கன்றை எடுத்துக் கரையில் நட்டு, அது மரமாகி நிழல் விழுந்துகிடந்தது. எந்தப் பக்கத்தில் யார் நிற்பது என்று இப்போது பார்த்துச் சொல்ல முடியவில்லை. கழுத்தில் மஞ்சள் மங்காத புதுப்பெண் ஒருத்தி இறைத்துக்கொண்டிருந்தாள்.

"வெயில்ல வந்திருக்கீக. தண்ணி குடிக்கீகளாம்மா?"

"குடு தாயி."

வாளியைச் சாய்த்து அவள் ஊற்ற, வடிவு கைகுவித்துக் குடித்தாள். பல் கூசியது.

"என்ன இப்படிக் குளிர்ந்திருக்கு?"

புதுப்பெண்ணுக்கு அந்தக் கேள்வி போதும். வாளியைக் கீழே வைத்தாள். "இது மலைப்பனித் தண்ணியாக்கும். நாங்க சிலோன்ல இருந்து வந்தவங்க" என்று தொடங்கினாள். சேதுக்கரையையும் கப்பலையும், கரித்த தண்ணீரையும், ஒவ்வோர் ஊரிலும் பின்னால் தவித்து நின்ற பெண்களையும், எல்லாவற்றையும் தான் கூடவே நடந்து வந்தவளைப் போலச் சொன்னாள். வடிவுக்குத் தெரியாத ஊர்கள்கூட இரண்டு அதில் இருந்தன.

"கடைசியா ஒரு அம்மா வந்தாங்க. அவங்கதான் எங்க எல்லாருக்கும் பேரு வச்சது. இந்த எடத்துல நின்னு கூப்பிட்டாங்களாம், சிலோன் வரைக்கும் கேட்டுச்சாம். பனைமர ஒசரம்னு சொல்லுதாங்க."

"அப்படியா? அவங்க இப்ப எங்க?"

"அவங்க எங்க இருக்காங்க! செத்து நூறு வருஷம் ஆச்சுல்லா" என்றாள் புதுப்பெண் பரிதாபத்தோடு. "ஆமா, நீங்க யாரு வீட்டுக்கு வந்திருக்கீக?"

வடிவு சிரித்தாள். குள்ளமான உருவம், சிரிக்கும்போது தோள் குலுங்கியது. ஊருக்கு வெளியே, திரும்பிப் போகிற பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

"இன்னும் கொஞ்சம் ஊத்து தாயி" என்று கைகளைக் குவித்தாள்.